நாலாவது படிக்கும் பையன் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறான், என்ன செய்யலாம்?

காசிமேடு அம்மா:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு காசிமேட்டில். வீட்டுக்காரர் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் வண்டி ஓட்டுகிறார். பையனுக்கு 9 வயது முடிந்துவிட்டது. பக்கத்தில் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் நாலாவது படிக்கிறான். இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறான். ‘கொக்கு’ என்று இருந்தால் ‘கெக்கு’ என்கிறான். மேல் வரியில் சரியாகப் படித்த சொல்லே கீழ் வரியில் வந்தால் முதல் தடவை பார்க்கிற மாதிரி நிற்கிறான். இங்கிலீஷில் பி-யும் டி-யும் எப்போதும் மாறிப்போகும். போர்டில் இருப்பதைப் பாதி எழுதுவதற்குள் மிஸ் அழித்துவிடுகிறார்களாம். டைரியைத் திறந்தாலே சிவப்பு மைதான்.

ஆனால் அவன் மந்தமான பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆயா, அதாவது அவன் பாட்டி, மீன் விற்கும் இடத்தில் கூட உட்காருவான். சங்கரா அரைக் கிலோ, நெத்திலி கால் கிலோ என்று ஆயா போட்டுக்கொண்டிருக்கும்போதே மீதி எவ்வளவு தர வேண்டும் என்று சொல்லிவிடுவான். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் இருந்து ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள், இன்னும் இத்தனை நாள் இருக்கிறது என்று வீட்டில் கணக்குச் சொல்வதே அவன்தான்.

டியூஷனில் தப்பான சொல்லை ஐம்பது தடவை எழுத வைக்கிறார்கள். பள்ளியில், அடுத்த வருஷம் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஜாடையாகச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் இரண்டு போட்டால் படிப்பான் என்கிறார். மாமியார், அவன் அப்பனும் இப்படித்தான் இருந்தான், ஏழாவதோடு நின்றுவிட்டான் என்கிறார். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்துக்குச் சரியாகப் பையனுக்கு வயிறு வலிக்கிறது.

யாரிடம் காட்ட வேண்டும்? தமிழ் மீடியத்துக்கு மாற்றிவிட்டால் சரியாகுமா? படிக்கும் வரை ஆயாவோடு அனுப்பக் கூடாது என்று வீட்டில் பேச்சு நடக்கிறது, அதுவும் சரியா என்று தெரியவில்லை. அனுபவம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.


தண்டையார்பேட்டை:

சிஸ்டர், முதலில் போனைக் கையில் கொடுக்காதீர்கள். வாரம் இரண்டு நாள் வல்லாரைக் கீரை செய்து கொடுங்கள், ஞாபக சக்தி வரும். எங்கள் அண்ணன் பையனும் இப்படித்தான் இருந்தான், ஆறாவது போனதும் தானாகச் சரியாகிவிட்டது. பயப்படாதீர்கள்.


கொருக்குப்பேட்டை அம்மா:

தங்கச்சி, உங்கள் பதிவைப் படித்ததும் என் பெண்ணின் நாலாவது வகுப்பு நோட்டுதான் கண் முன்னால் வந்தது. அவள் இப்போது பதினொன்றாவது படிக்கிறாள். அவளுக்கு டிஸ்லெக்சியா, அதாவது புத்தி நன்றாக இருந்தும் வாசிப்பும் எழுத்தும் மட்டும் சிரமமாக இருக்கும் கற்றல் குறைபாடு. உங்கள் பையனுக்கும் அதுதான் என்று நான் சொல்லக் கூடாது, சோதித்துப் பார்ப்பவர்கள் சொல்ல வேண்டியது. ஆனால் கட்டாயம் சோதிக்க வேண்டிய பிள்ளை. தானாகச் சரியாகிவிடும் என்று ஆறாவது வரை காத்திருக்காதீர்கள். வல்லாரை நல்ல கீரை, கொடுங்கள். ஆனால் இது ஞாபக சக்திக் குறைவு இல்லை. 61 நாள் கணக்கை ஞாபகம் வைத்திருக்கும் பையனுக்கு அதில் என்ன குறை?

மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். வாசிக்க வராதது வேறு, பாடம் தெரியாதது வேறு. பள்ளியில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். வாசிக்க வராத பிள்ளை சயின்ஸிலும் ஃபெயில், சோஷியலிலும் ஃபெயில், கணக்கில் வாக்கியமாகக் கேட்கும் கணக்கிலும் ஃபெயில். கேள்வியையே வாசிக்க முடியாதவன் பதிலுக்கு எங்கே போவான்? இப்படியே இரண்டு மூன்று வருஷம் போனால், வாசிப்பு மட்டும் வராமல் இருந்த பிள்ளைக்கு நிஜமாகவே பாடமும் தெரியாமல் போய்விடும். அதுதான் பெரிய நஷ்டம்.

அதனால் வீட்டில் இரண்டையும் பிரித்துவிடுங்கள். பாடம் காது வழியாகப் போகட்டும். நீங்கள் வாசியுங்கள், அவன் கேட்கட்டும், வாயால் பதில் சொல்லட்டும். ஐந்து வரியில் எழுத வேண்டிய பதிலை அவன் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி, அதைப் பார்த்து அவன் ஒரு வரி எழுதினால் போதும். உங்களுக்கு வேலை இருக்கும் நாளில் போன் உதவும். நம்ம பாடநூல் கழகப் புத்தகங்களில் பாடத்துக்குப் பாடம் க்யூஆர் கோடு இருக்கிறது, ஸ்கேன் செய்தால் வீடியோ வரும். கல்வித் தொலைக்காட்சி 2019-இல் இருந்து நடக்கிறது. எழுத்தை வாசித்துக் காட்டும் வசதி போனில் தமிழிலும் வந்துவிட்டது. இந்தப் பிள்ளைகளுக்குப் போனை ஒரேயடியாகப் பிடுங்கி வைப்பதில் எனக்கு உடன்பாடு கிடையாது. கேட்டுப் படிக்கிற வழியையும் சேர்த்து அடைக்கிறோம்.

வாசிப்புக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். பத்துப் பதினைந்து நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம், ஆனால் தினமும்.

எங்கள் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். தமிழ் எழுத்தில் இந்தப் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் கொம்பும் காலும்தான். ‘கொ’ எழுதிப் பாருங்கள். கண்ணுக்கு முதலில் கொம்பு வருகிறது, அப்புறம் க, அப்புறம் துணைக்கால். ஆனால் வாயில் க-வின் ஒலிதான் முதலில் வர வேண்டும், ஒ அதற்குப் பின்னால் வர வேண்டும். முன்னால் ஒரு துண்டு, பின்னால் ஒரு துண்டு, இரண்டும் சேர்ந்து ஒரே சத்தம். நமக்கு இது எப்போதோ பழகிவிட்டதால் தெரிவதில்லை. உங்கள் பையன் ‘கெக்கு’ என்பது சும்மா உளறுவது இல்லை. கொம்பைப் பார்க்கிறான், க-வைப் பார்க்கிறான், காலை விட்டுவிடுகிறான். பார்த்ததைச் சரியாகத்தான் சொல்கிறான்.

ஸ்கெட்ச் பேனாவால் கொம்பையும் காலையும் பச்சை நிறத்தில் எழுதினேன், நடுவில் இருக்கும் எழுத்து மட்டும் கருப்பு. கொ, சொ, பொ, மொ எல்லாம் அப்படியே ஒரு அட்டையில். பச்சைத் துண்டு இரண்டையும் பார்த்தால் ஒ என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அது பிடிபட்டதற்கு அப்புறம்தான் கோ, சோ, போ. இரண்டையும் ஒரே நாளில் கொடுத்தால் குழம்பிவிடுவாள். முதலில் வாயால் விளையாடுவோம். ‘பொட்டு’ என்று நான் சொன்னால், முதல் சத்தத்தில் எந்த உயிர் ஒளிந்திருக்கிறது என்று அவள் கண்டுபிடிக்க வேண்டும். புத்தகமும் வேண்டாம் பென்சிலும் வேண்டாம், பாத்திரம் தேய்க்கும்போதே நடக்கும்.

அப்புறம் கோலமாவு. தாம்பாளத்தில் மெல்லிசாகப் பரப்பி, ஒரு விரலால் பெரிசாக எழுத வேண்டும், எழுதும்போதே சத்தமாகச் சொல்ல வேண்டும். அவளுக்கு த-வும் ந-வும் மாறும். முதலில் த மட்டும், தட்டு, தங்கம், தண்ணீர் என்று த-வில் ஆரம்பிக்கும் சொற்களாகவே பல நாள். தடுமாறாமல் வரும் வரை ந பக்கம் போகவே இல்லை. கண், காது, வாய், விரல் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே எழுத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் இதில் விஷயம். சிறப்புப் பயிற்சி கொடுப்பவர்களும் இதே வழியில்தான் போகிறார்கள். ஐம்பது தடவை எழுதும்போது இது நடக்காது. கை பாட்டுக்கு வரைந்துகொண்டு போகும், வாய் சும்மா இருக்கும். அந்த டியூஷனை நிறுத்திவிடலாம் என்பதுதான் என் அபிப்பிராயம். பள்ளி விட்டு வந்த களைப்பில் பிள்ளைக்கு அது இன்னொரு தண்டனை.

வாசிக்கும்போது எதிரே உட்காராதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். பழைய அழைப்பிதழ் அட்டையில் ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி நீளமாக ஒரு ஜன்னல் வெட்டி, பக்கத்தின் மேல் வைத்து நகர்த்துங்கள். முதலில் இரண்டு பேரும் சேர்ந்து சத்தமாக வாசியுங்கள். அவன் நின்றால் ‘யோசி, யோசி’ என்று நிறுத்தி வைக்காமல் அந்தச் சொல்லை நீங்களே சொல்லிக் கடந்துவிடுங்கள். கதை அறுபடக் கூடாது.

பரிசோதனைக்கு முன்னால் கண்ணையும் காதையும் பார்த்துவிடுங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்கள். உங்களுக்குப் பக்கம் ஸ்டான்லி ஆஸ்பத்திரி. கண், காது பார்த்த கையோடு மனநலப் பிரிவில் காட்டுங்கள். போர்டைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள், குழந்தைகளைச் சோதிக்கும் சைக்காலஜிஸ்ட் இருக்கும் இடம் அதுதான். எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலும் கேட்கலாம். தனியாரில் செலவு ஆகும், அரசு ஆஸ்பத்திரியில் கொஞ்சம் அலைச்சல் ஆகும். முதலில் அறிவுத்திறன் சோதனை வைப்பார்கள், பிறகு வாசிப்பு, எழுத்து, கணக்கு எல்லாம் எந்த வகுப்பு அளவில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். 8 வயதுக்கு மேல்தான் இதை உறுதியாகச் சொல்வது வழக்கம், உங்கள் பையனுக்கு வயது சரியாக இருக்கிறது. டிஸ்லெக்சியாவுக்கு மாத்திரை, டானிக் எதுவும் கிடையாது. யாராவது விற்றால் வாங்காதீர்கள். கூடவே கவனக் குறைவும் துறுதுறுப்பும் சில பிள்ளைகளுக்கு இருக்கும், அதற்கு வேறு சிகிச்சை உண்டு, அதை டாக்டர் முடிவு செய்வார்.

ஆயாவோடு போவதைத் தயவு செய்து நிறுத்தாதீர்கள். வாரம் முழுக்க ‘உனக்கு வராது’ என்று கேட்கிற பிள்ளை, ‘எனக்கு வரும்’ என்று உட்காருகிற ஒரே இடம் அது. அதைத் தண்டனையாகப் பிடுங்கினால் அப்புறம் எதைக் காட்டி அவனைத் தெம்பாக்குவது?


எண்ணூர் அப்பா:

சிஸ்டர், எங்கள் பையனுக்கும் கற்றல் குறைபாடுதான். மூன்றாவதில் தமிழ் மீடியத்துக்கு மாற்றினோம், நல்ல பலன் இருந்தது. வீட்டில் பேசுகிற மொழியிலேயே பாடம் நடப்பதால் வகுப்பில் சொல்வது புரிந்தது. இங்கிலீஷில் ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேறு மாதிரி ஒலிக்கும். தமிழில் க-வுக்கும் ட-வுக்கும் இரண்டு மூன்று சத்தம் இருந்தாலும், சொல்லில் அது எங்கே வருகிறது என்பதை வைத்துப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். நான் மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன்.


வியாசர்பாடி டீச்சர்:

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. எண்ணூர் அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் சகோதரி, மீடியம் மாற்றினால் டிஸ்லெக்சியா போய்விடாது. தமிழிலும் அவனுக்கு ‘கொக்கு’ வரவில்லையே. முதலில் பரிசோதனை, பிறகு மாற்றம் பற்றி யோசிக்கலாம். வருஷ நடுவில் மாற்ற வேண்டாம். எந்த மீடியமாக இருந்தாலும் வீட்டில் ஒரு மொழியில் வாசிப்பு நிலைபெறட்டும், அது தமிழாக இருப்பது நல்லது.

வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் சொன்னதைப் பற்றி: கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி எட்டாவது முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியில் இருந்து வெளியேற்ற முடியாது. அடிப்பதும் மனம் நோகும்படி நடத்துவதும் அதே சட்டத்தில் தடை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் உள்ள 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. இதைச் சண்டைக்குப் போகிற மாதிரி சொல்ல வேண்டாம். தெரிந்து வைத்துக்கொண்டு, அமைதியாக, எழுத்தில் கொடுங்கள். ஒரு நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வகுப்பு மிஸ்ஸிடம் ‘என் பையனைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. செய்யக்கூடிய சின்ன உதவியாகக் கேளுங்கள். முதல் பெஞ்சில் உட்கார வையுங்கள், போர்டை முழுக்க எழுத வைக்காமல் பக்கத்துப் பையன் நோட்டைப் படம் எடுத்துக்கொள்ள விடுங்கள், எல்லார் முன்னாலும் எழுந்து வாசிக்கச் சொல்லாதீர்கள், டெஸ்ட்டில் ஒன்றிரண்டு கேள்வியை வாயால் கேளுங்கள். இவ்வளவு கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் செய்வார்கள். என் வகுப்பில் வாசிக்கத் திணறும் ஒரு பெண்ணுக்குக் கடைசிக் கோரிக்கையைத்தான் முதலில் செய்தேன். கேள்வியை நான் வாசித்தால் கையைத் தூக்கிக்கொண்டு பதில் சொல்கிறாள்.

அரசுப் பள்ளிக்கு வருவதாக இருந்தால், வட்டார வள மையத்தில் இருந்து சிறப்புப் பயிற்றுநர்கள் வருவார்கள், மருத்துவ மதிப்பீட்டு முகாமும் நடக்கும். தலைமை ஆசிரியரிடம் உள்ளடக்கிய கல்வி, அதாவது குறைபாடு உள்ள பிள்ளைகளையும் மற்ற பிள்ளைகளோடு சேர்த்தே படிக்க வைக்கும் ஏற்பாடு, என்று சொல்லிக் கேட்டால் போதும். தி.நகரில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இருக்கிறது, இந்தக் குறைபாட்டுக்கென்றே பல வருஷமாக வேலை செய்பவர்கள், பெற்றோருக்கும் வழி சொல்வார்கள்.

காலை வயிற்று வலியை நடிப்பு என்று நினைக்காதீர்கள். பயத்தில் நிஜமாகவே வலிக்கும். வகுப்பில் எந்தப் பீரியடுக்குப் பயப்படுகிறான் என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.


காசிமேடு அம்மா:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அக்கா சொன்ன மாதிரி பச்சை ஸ்கெட்ச்சில் எழுதிக் காட்டினேன். ‘கொடி’ என்று சரியாகச் சொல்லிவிட்டு, இன்னொன்று எழுது என்று அவனே கேட்டான்.

இரண்டு சந்தேகம். ஆஸ்பத்திரியில் சர்ட்டிபிகேட் கொடுத்தால் அது பிள்ளையின் பெயரோடு ஒட்டிக்கொள்ளாதா, நாளைக்கு வேலைக்கு, கல்யாணத்துக்கு என்று மாமியார் பயப்படுகிறார். வீட்டுக்காரரும் ஒத்துக்கொள்ளவில்லை. என் பிள்ளைக்கு ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரிக்கெல்லாம் கூட்டிப் போகாதே என்கிறார்.


கொருக்குப்பேட்டை அம்மா:

தங்கச்சி, சர்ட்டிபிகேட் உங்கள் பீரோவில்தான் இருக்கும். எங்கே காட்ட வேண்டும் என்பது உங்கள் கையில். பத்தாவது பொதுத் தேர்வில் இந்தப் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதும் ஆள், மொழிப்பாட விலக்கு என்று சலுகைகள் உண்டு. பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், சர்ட்டிபிகேட் இல்லாமல் நடக்காது. என் பெண் அந்த ஒரு மணி நேரத்தில்தான் சோஷியலை முழுக்க எழுதி முடித்தாள். வேகமாக எழுத வராதே தவிர, பதில் எல்லாம் தெரியும் அவளுக்கு. இப்போது எடுத்தாலும் 14 வயதில் ஒரு தடவை, 18-இல் ஒரு தடவை மறுபடி பார்ப்பார்கள். பத்தாவதை நெருங்கும்போது அலையாமல் இப்போதே ஒரு ஃபைல் போட்டுவிடுங்கள். பள்ளிப் பாடத்திட்டம் ஒரேயடியாகச் சுமையாகிவிட்டால் தேசிய திறந்தநிலைப் பள்ளி என்று ஒரு வழியும் இருக்கிறது, பிடித்த ஐந்து பாடம் எடுத்துப் பத்தாவது எழுதலாம். அது இப்போது தேவையில்லை, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் விஷயம். முதல் பதிவில் உங்கள் மாமியார் சொன்னதாக ஒன்று எழுதியிருந்தீர்கள், அவன் அப்பனும் இப்படித்தான், ஏழாவதோடு நின்றுவிட்டான் என்று. அதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். இந்தக் குறைபாடு குடும்பத்தில் வருவது உண்டு. அவருக்கும் இதே இருந்திருக்கலாம். அந்தக் காலத்தில் யார் சோதித்தார்கள்? அடி வாங்கி, படிப்பு ஏறாதவன் என்று பேர் வாங்கி வெளியே வந்திருப்பார். பையனுக்கு ஒன்றுமில்லை என்று அவர் சொல்வதில் பையனைப் பற்றிய பேச்சு மட்டும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. வாதம் செய்யாதீர்கள். நீ சின்ன வயசில் வாசிக்கும்போது எழுத்து எப்படித் தெரிந்தது என்று ஒரு நாள் நிதானமாகக் கேளுங்கள். எங்கள் வீட்டில் என் கொழுந்தனாரிடம் இதைக் கேட்டபோது, அவர் வெகுநேரம் பேசினார். அதுவரை அந்த மனிதர் பள்ளிக்கூடத்தைப் பற்றி வாயே திறந்தது கிடையாது. அன்றையில் இருந்து என் பெண்ணுக்கு வீட்டில் பெரிய துணை அவர்தான்.

முடிந்தால் பரிசோதனைக்கு அவரையும் கூட்டிப் போங்கள். நாம் பத்து தடவை சொன்னாலும் ஏறாதது, டாக்டர் ஒரு தடவை சொன்னால் ஏறும். தடைக்காலத்தில் வண்டி ஓட்டம் குறைவாக இருக்கும் அல்லவா, அப்போது வரச் சொல்லிப் பாருங்கள். ஆனால் அதற்காக நீங்கள் காத்திருக்க வேண்டாம், முதல் தடவை நீங்களும் ஆயாவுமாகவே போய் வாருங்கள்.

போகும்போது இந்த வருஷ நோட்டு மட்டும் போதாது, இரண்டாவது மூன்றாவது வகுப்பு நோட்டும் பரீட்சைப் பேப்பரும் எடுத்துப் போங்கள். பிழைகள் எப்படி மாறி வந்திருக்கின்றன என்று பார்ப்பார்கள். அழகாக எழுதிய நோட்டாகப் பொறுக்கி எடுக்காதீர்கள், சிவப்பு மை நிறைந்ததுதான் வேண்டும். பிறந்தபோது அழுதானா, எப்போது பேச ஆரம்பித்தான், வலிப்பு ஏதாவது வந்ததா என்றெல்லாம் கேட்பார்கள், ஆயாவையும் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் இருந்து ஒரு கடிதம் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் போங்கள்.

பையனிடம் ஊசி கிடையாது, படம் பார்த்துச் சொல்வது, கட்டை அடுக்குவது, கொஞ்சம் வாசிப்பது, அவ்வளவுதான் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சோதனை நீளமாக இருக்கும், பசியோடு உட்கார்ந்தால் பாதியில் சோர்ந்துவிடுவான். வயிறு நிறையச் சாப்பிட வைத்துக் கூட்டிப் போங்கள். ஒரே நாளில் முடியாமல் மறுபடி வரச் சொன்னால் ஓ.பி. சீட்டைத் தொலைக்காமல் பத்திரமாக வையுங்கள். போய் வந்து என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள், ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அடுத்து எந்த எழுத்தில் இருந்து ஆரம்பிக்கலாம் என்று பேசுவோம்.